ரிங்கா கூண்டா: காசுக் கணக்கில் பையன்கள் செய்யும் தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கமிருந்து பயிற்சிக்கு வரும் பையன்கள் மூன்றாம் மாதமே கேட்டுவிடுகிறார்கள்: "மாஸ்டர், பாக்ஸிங்கா எம்.எம்.ஏ.வா, எதுல காசு?" எம்.எம்.ஏ. என்பது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை. நாங்களும் அந்த வயதில் இதையேதான் கேட்டோம். கையில் துணி சுற்றாமல் பையைக் குத்துவது, பட்டினி கிடந்து எடை குறைப்பது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. இது பணத்தைப் பற்றியது.

மேவெதரை வைத்துக் கணக்குப் போடுவது

2017 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பாக்ஸிங் சண்டையில் அமெரிக்க பாக்ஸர் மேவெதருக்கு அறிவித்த உத்தரவாதத் தொகை 10 கோடி டாலர், எதிரே இறங்கிய எம்.எம்.ஏ. வீரர் மெக்ரெகருக்கு 3 கோடி. உடனே "பாக்ஸர்தான் ராஜா" என்கிறார்கள். அது உச்சியில் இருக்கும் சிலரின் கதை. அடிமட்டத்தில் நாலு ரவுண்டு பாக்ஸர் பல ஊர்களில் தானே டிக்கெட் விற்றுத்தான் தன் பங்கை எடுக்கிறார். எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி.யில் புதிதாக நுழைபவருக்கோ ஒரு சண்டைக்கு 10,000, 12,000 டாலர் என்ற அளவில் கிடைக்கும். ஜெயித்தால் அதே அளவு இன்னொரு முறை. கீழ்மட்டத்தில் கூண்டுக்காரர் கை மேலேயே இருக்கலாம். மேலே போகப் போகத்தான் பாக்ஸர் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடுகிறார்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. குடியாத்தத்துப் பையன் ஒருவன், நல்ல இடது கை. வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் ஒப்பந்தம் வந்தது, முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்துக்கு விரலால் தள்ளிக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். சொன்னது 40,000 ரூபாய். எழுதியிருந்ததோ இறங்கினால் 20,000, ஜெயித்தால் இன்னொரு 20,000. பாயிண்டில் தோற்றான். ரத்தப் பரிசோதனை, கூட வந்தவரின் ரூம், கிழிந்த புருவத்துக்குத் தையல் எல்லாம் அவன் செலவு. அதையாவது தாங்கலாம். அவர்கள் அனுமதியில்லாமல் ஓராண்டுக்கு வேறெங்கும் இறங்கக்கூடாது என்றும் இருந்தது. அடுத்த சண்டையும் தரவில்லை, விடவும் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு வருஷம் போனால் யார் திருப்பித் தருவது?

பெரிய இடத்திலும் சம்பள வித்தியாசத்தின் வேர் ஒப்பந்தக் கட்டுதான். பாக்ஸிங்கில் பெல்ட், அதாவது சாம்பியன் பட்டம், தருவது டபிள்யூ.பி.சி. போன்ற தனி அமைப்புகள். சண்டையை நடத்துபவர்கள் வேறு. ஒரு சாம்பியனுக்காக அவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவதால் விலை ஏறுகிறது. அமெரிக்காவில் 2000-ல் வந்த முகமது அலி சட்டப்படி, ஒரு சண்டையில் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதை நடத்துபவர் பாக்ஸரிடம் காட்டியாக வேண்டும். இந்தச் சட்டம் எம்.எம்.ஏ.வுக்கு இல்லை. யு.எஃப்.சி.யில் பெல்ட், தரவரிசை, மேடை மூன்றும் ஒரே கையில். வீரர்களுக்குப் போனது வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது, முன்னாள் வீரர்கள் 2014-ல் போட்ட வழக்கில் வெளியே வந்தது. அந்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

யு.எஃப்.சி. சாம்பியனாக இருந்த நகானூவைப் பாருங்கள். 2022 ஜனவரியில் ஹெவிவெயிட் பெல்ட்டைத் தக்கவைத்தபோது அவருக்கு அறிவித்தது 6 லட்சம் டாலர். ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்து வெளியே வந்தார். 2023 அக்டோபரில் ரியாத்தில் அப்போதைய ஹெவிவெயிட் பாக்ஸிங் சாம்பியன் டைசன் ஃபியூரியோடு பாக்ஸிங் ஆடி, தோற்றும்கூட அதைப்போலப் பல மடங்கு வாங்கினார். ஆள் அதே ஆள்தான். மாறியது தாளில் இருந்த கட்டு.

மெடல் வாங்கும் வயதில் கூண்டுக்கு ஓடுவது

வேண்டாம். பாக்ஸிங் மெடலுக்கு ரயில்வேயிலும் ராணுவத்திலும் வேலை உண்டு.

மேனேஜரும் போட்டி நடத்துபவரும் ஒரே ஆள்

எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் எப்போது வரும் என்று கேட்காதது

எடை பார்க்கும் நாளுக்கு முன்பே பாதிப் பணம் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் புரியவில்லையா, வேலூர் கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.