பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாம், வாங்க

கீழமாசி வீதியில் சித்தப்பா கடைக் கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்துவிடலாம். 4 ஜிபி ராம்தான், அதோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

லினக்ஸ் மின்ட் தளத்தில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்குங்கள், பழைய மெஷினுக்கு அதுதான் லேசு. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் ஏற்றி, ஆன் செய்யும்போது எஃப்12 தட்டினால் (சில மாடலில் எஃப்9 அல்லது எஸ்கேப்) பென்டிரைவிலிருந்தே ஓடும். உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். வைஃபை, சவுண்டு, பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று அப்படியே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது.

சரி என்று பட்டால் டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை அழுத்துங்கள். 'டிஸ்கை அழி' என்று ஒரு தேர்வு வரும், அங்கே நிதானம் தேவை, நான் அவசரத்தில் அழுத்தி சித்தப்பாவின் கடன் கணக்கு ஃபைலையே காலி செய்தேன் (கடன்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம்). எல்லாவற்றையும் முதலில் வேறு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் தமிழ். சாஃப்ட்வேர் மேனேஜரில் தமிழில் டைப் செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் மென்பொருளைப் போட்டு, 'இன்புட் மெத்தட்' பகுதியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தால் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கலாம்.

பில்லுக்கு, வேர்ட், எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் போதும். கணக்கு மென்பொருளான டேலி மட்டும் நேரடியாக விண்டோஸில்தான் ஓடும், அது வேண்டும் என்பவர்கள் டிஸ்கை அழிக்காமல் விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.