ஹப் மோட்டார் மாட்டிய சைக்கிளில் அச்சு திரும்பினால்

காட்பாடி மேம்பாலம் ஏறும்போது பின்சக்கரத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். பழைய சைக்கிளில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கிட்டை அப்போதுதான் மாட்டியிருந்தேன். இறங்கிப் பார்த்தால், அச்சு லேசாகத் திரும்பி மோட்டார் ஒயரை முறுக்கியிருந்தது. நல்லவேளை, அறுபடவில்லை.

மோட்டார் சக்கரத்தை முன்னால் சுழற்றும்போது அதே விசை அச்சைப் பின்பக்கம் திருப்பப் பார்க்கும். நட்டை மட்டும் நம்பக் கூடாது. டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டை வேண்டும். என் கிட்டில் அது வரவில்லை, தனியாக வாங்கினேன். அதன் துளை அச்சின் தட்டையான இரு பக்கங்களையும் கவ்விக்கொள்ளும். மறுமுனையை ஃபிரேமோடு கிளாம்ப் போட்டு முடுக்கிவிட்டேன். இப்போது மேம்பாலத்தில் முழு த்ராட்டில் கொடுத்தாலும் அச்சு அசைவதில்லை.

அப்புறம், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவரைத் தயவுசெய்து மாட்டாமல் விட்டுவிடாதீர்கள்.