கடை முதலாளிக்கும் கூட்டாளிகள் வேண்டும்

தனியாகக் கடை நடத்துபவருக்கு மனம்விட்டுப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம். வேலையாட்களிடம் கடன் கவலையைச் சொல்ல முடியாது, வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள்.

அதே தெருவில் தொடங்குங்கள். ஒரே சரக்கை விற்காதவர்களாக நாலைந்து பேர் போதும்: தையல்கடை, ஜெராக்ஸ், மருந்துக்கடை, பேக்கரி. போட்டி இல்லாத இடத்தில்தான் கணக்கு வழக்கைத் திறந்து பேச முடியும். முதல் பேச்சுக்குச் சில்லறை மாற்றுவதே போதுமான சாக்கு. பிறகு வாரம் ஒரு நாள், வியாபாரம் மந்தமான மூன்று மணி வாக்கில், அரை மணி நேர டீ. கிழமையை மாற்றாதீர்கள், "நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்" என்று விட்டால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

அதே தொழிலில் இருப்பவர்களும் தேவைதான். அவர்களை வேறு ஊரில் தேடுங்கள். கிண்டியில் உள்ள தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் குறுகியகாலப் பயிற்சிகளில் அப்படிப்பட்டவர்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். கோவையில் சிறுதொழில் நடத்துபவர்களுக்குக் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கம் இருக்கிறது. வணிகர் சங்கத்தில் சந்தா கட்டுவதோடு நிற்காமல், மே 5 வணிகர் தின வேலையில் ஏதாவது ஒன்றைக் கையில் எடுங்கள். நாற்காலி போடும்போது கிடைக்கும் பழக்கம் மேடைக்கு எதிரே உட்கார்ந்தால் வராது.

கூட்டம் உடைவது பெரும்பாலும் கைமாற்றால்தான். முதல் ஆறு மாதம் பணம் கொடுக்கல் வாங்கல், சீட்டு இரண்டும் வேண்டாம். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் விளம்பரத்துக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் முதல் நாளே தடை போடுங்கள்.