கோபேயில் விளக்குகள் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன டிசம்பரில் ஒரு தம்பி போன் செய்தான். ஜப்பானுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. "அண்ணா, 23ஆம் தேதி குடும்பத்தோட கோபே போறோம். லுமினாரியே எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். லுமினாரியே என்பது கோபேயில் விளக்குகளால் ஆன பெரிய வளைவுகளை நிறுத்தும் ஒளி விழா. ஷின்கான்சென் டிக்கெட்டும் எடுத்தாயிற்று, ஹோட்டலும் போட்டாயிற்று. அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. அதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

குளிருக்குத் தடித்த உடை போடுங்கள், கூட்டத்தில் குழந்தையின் கையை விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

லுமினாரியேவைத் தேடி டிசம்பரில் போவது

பணத்தைக் கரைப்பதும் இதுதான், இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

கோபே லுமினாரியே முதன்முதலில் நடந்தது 1995 டிசம்பரில். பிறகு பல ஆண்டுகள் டிசம்பரிலேயே நடந்தது. 2020 முதல் 2022 வரை கொரோனாவால் நடக்கவில்லை. மறுபடி தொடங்கியபோது மாதமே மாறிவிட்டது: 2024இல் ஜனவரி 19 முதல் 28 வரை, 2025இல் ஜனவரி 24 முதல் பிப்ரவரி 2 வரை. மொத்தமே பத்து நாள்தான்.

ஆனால் இணையத்தில் தேடினால் இன்னும் டிசம்பர் என்றே வருகிறது. பத்து வருடத்துக்கு முன்னால் எடுத்த படத்தைப் போட்டு, 'கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்' என்று எழுதியிருப்பார்கள். படம் எந்த ஆண்டு எடுத்தது என்று ஒரு வரி இருக்காது. அதை நம்பி டோக்கியோ பக்கத்திலிருந்து கிளம்புகிறவருக்கு, ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய 15,000 யென் போய்விடும். நான்கு பேர் குடும்பம் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய இரவுகளில் ஹோட்டல் வாடகையும் ஏறித்தான் இருக்கும். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பெரும்பகுதி திரும்பாது.

2024 டிசம்பரில் ஊரிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். முன்பு நான் பார்த்த லுமினாரியே கண்ணிலேயே நின்றதால், தேதியைச் சரிபார்க்கத் தோன்றவே இல்லை. எல்லோரையும் கோபேக்குக் கூட்டிப் போனேன். சன்னோமியாவில் இறங்கி, நகராட்சிக் கட்டடத்தைத் தாண்டி ஹிகாஷி யூயென்ச்சி பூங்காவுக்குப் போனால், இருட்டில் புல்வெளி மட்டும் இருந்தது. வளைவும் இல்லை, கூட்டமும் இல்லை. "விளக்கு எங்கே மாமா?" என்று சின்னவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தப் பூங்காவின் ஒரு மூலையில் கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு தீபம் எரிந்துகொண்டிருந்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். பகலும் இரவும் அணையாமல் எரிகிற நினைவுத் தீபம் அது. 1995 ஜனவரி 17 அதிகாலை 5:46க்கு வந்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்துபோனார்கள். அவர்களுக்காக ஏற்றியது. லுமினாரியேவும் அவர்களுக்காகத்தான் தொடங்கியது. இடிந்துபோன ஊர் அதே ஆண்டு டிசம்பரில், இறந்தவர்களை நினைத்தும் இருப்பவர்களுக்குத் தெம்பு தரவும் ஏற்றிய விளக்குகள் அவை. கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று நினைத்ததால்தான் டிசம்பர் என் மனதில் அப்படி ஒட்டிக்கொண்டது. இது அஞ்சலி என்று மனதில் பதிந்திருந்தால், ஜனவரிக்கு மாறியதும் மறந்திருக்காது.

எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், லுமினாரியே நடத்துகிறவர்களின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அந்த ஆண்டின் தேதியைப் பாருங்கள். வேறு யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அதை வைத்துப் பணம் கட்டாதீர்கள். போன ஆண்டுத் தேதியும் உதவாது, ஒவ்வொரு ஆண்டும் நகர்கிறது.

அந்தத் தம்பி ஹோட்டலை ரத்து செய்யவில்லை. விளக்குகள் பார்க்க அவர்களைப் பக்கத்து ஊரான ஒசாகாவுக்குத் திருப்பிவிட்டேன்.

கட்டணப் பகுதியைக் கவனிக்காமல் விடுவது

முன்பெல்லாம் தெருவின் மேலேயே ஒளி வளைவுகள் வரிசையாக நிற்கும், காசு கிடையாது, மொத்தொமாச்சி ரயில் நிலையத்துப் பக்கமிருந்து வரிசையில் ஊர்ந்து போவோம். 2024இலும் 2025இலும் அந்த வளைவு வரிசை கடலோரத்து மெரிக்கன் பூங்காவில், கட்டணப் பகுதிக்குள் இருந்தது. படத்தில் பார்த்த காட்சியைத் தேடி இலவசப் பகுதியையே சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இலவசப் பகுதியில் நன்கொடைப் பெட்டி இருக்கும். 100 யென்னாவது போடுங்கள். அடுத்த ஆண்டு விளக்கு எரிய அந்தக் காசும் வேண்டும்.

முக்காலி, செல்ஃபி குச்சி

லுமினாரியேவில் அனுமதி இல்லை. பையிலேயே இருக்கட்டும்.

மிதோசுஜியை முழுக்க நடந்து பார்ப்பது

ஒசாகாவின் மிதோசுஜி சாலையில் உமேதாவிலிருந்து நம்பா வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு கிங்கோ மரங்களில் விளக்குப் போடுவார்கள். பகுதிக்குப் பகுதி நிறம் மாறும். வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அத்தனையும் நடக்க வேண்டாம். சாலைக்கு நேர் கீழேயே மிதோசுஜி சுரங்க ரயில் ஓடுகிறது. யொதோயாபாஷி நிலையத்தில் மேலே ஏறி வந்து கொஞ்சம் பாருங்கள், கால் வலித்தால் உள்ளே இறங்கி ரயிலேறி ஷின்சாய்பாஷியில் வெளியே வாருங்கள். நிறம் மாறியிருக்கும், உடம்பும் சூடாகியிருக்கும். யொதோயாபாஷிக்குப் பக்கத்திலேயே நகனோஷிமா என்ற ஆற்றுத் தீவு. அங்கே செங்கல் நிறத்துப் பழைய பொது மண்டபத்தின் சுவரில் படமாக விழும் ஒளிக்காட்சியை அதே மாலையில் பார்த்துவிடலாம்.

26ஆம் தேதிக்குத் தள்ளிப்போடுவது

நகனோஷிமா ஒளி விழா டிசம்பர் 25 அன்று முடிவது வழக்கம். பல கடைத்தெருக்களிலும் அன்று இரவே கிறிஸ்துமஸ் மரத்தை இறக்கிவிட்டுப் புத்தாண்டு அலங்காரத்தை வைத்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை மாயா மலை

கோபேக்குப் பின்னாலிருக்கும் இந்த மலைக்கு ஏறும் கேபிள் காரும் ரோப்வேயும் வழக்கமாக அன்று ஓடாது. மற்ற நாள்களிலும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். கீழே ஊர் முழுக்க விளக்காக விரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நேரத்தை மறந்துவிடுவோம்.

வளைவைப் பார்த்ததும் ரயிலுக்கு ஓடுவது

மெரிக்கன் பூங்காவின் கரையில், நிலநடுக்கத்தில் உடைந்த படகுத்துறையில் சுமார் 60 மீட்டரைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கல்தளம் பிளந்து தண்ணீருக்குள் சரிந்து கிடக்கும். தெருவிளக்குக் கம்பங்கள் சாய்ந்தபடி நிற்கும். லுமினாரியே மைதானத்திலிருந்து சில நிமிட நடைதான். 2025 ஜனவரி கடைசியில் நான் மறுபடி தனியாகப் போனபோது அங்கேதான் வெகுநேரம் நின்றேன். அங்கிருந்து அக்காவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். "அந்த விளக்கு ஏன் சாஞ்சிருக்கு?" என்று பின்னாலிருந்து சின்னவன் கேட்டான். இந்த முறை அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது.