டோக்கியோ டூரில் ஒரு அரை நாள்: விட்டுப்போன ரெக்கார்டுகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

குடும்பத்தோடு ஐந்து நாள் டோக்கியோ, அதில் கெஞ்சிக் கூத்தாடி உங்களுக்கென்று வாங்கியது ஒரு அரை நாள். அந்த அரை நாளைப் பழைய ரெக்கார்டு கடையில் கழிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தடவை போனபோது 'பார்த்தால் தெரிந்துவிடாதா' என்ற தைரியத்தில் பட்டியல் எதுவும் இல்லாமல் போய், வீட்டில் ஏற்கெனவே இருந்த இசைத்தட்டையே இன்னொரு முறை வாங்கி வந்தவன் நான். ஜப்பான் மறுபதிப்பில் அட்டைப் படம் வேறு, ஏமாந்துவிட்டேன்.

1. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஓட்டைகளை எண்ணுங்கள்

கலைஞர் பெயரை வைத்துத் தேடினால் குழப்பம்தான், ஒவ்வொரு தட்டுக்கும் கம்பெனி கொடுத்திருக்கும் வரிசை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சேர்ப்பது ப்ளூ நோட் கம்பெனியின் ஜாஸ் எல்பிகள். 1950களின் பிற்பாதியில் வந்த அவர்களுடைய 12 அங்குலத் தட்டுகளில் ஒரு வரிசை 1501-இல் தொடங்கி 1600-இல் முடிகிறது (சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற 'ப்ளூ ட்ரெய்ன்' தட்டுக்கு எண் 1577). ஒரு நோட்டில் எண்களை வரிசையாக எழுதி, கையில் இருப்பதை அடித்துவிட்டால் மிச்சம் நிற்பதுதான் ஓட்டை. ரெக்கார்டு சேர்ப்பவர்களுக்கான டிஸ்காக்ஸ் செயலியிலும் இதே பட்டியலைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பல கடைகள் நிலவறையில் இருக்கின்றன, சிக்னல் கிடைக்காது, அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று ஒரு தொகையையும் இப்போதே எழுதிவிடுங்கள். கடைக்குள் போன பிறகு நம் புத்தி நம்மிடம் இருக்காது.

2. எந்தப் பதிப்பு வேண்டும்?

அமெரிக்க அசல் பதிப்பு நம் பட்ஜெட்டுக்கு ஆகாது. ஜப்பானில் அச்சான பதிப்புகள் இருக்கின்றன: 1977 முதல் 1983 வரை கிங் ரெக்கார்ட்ஸ் போட்டது, அதற்கு முன்னும் பின்னும் தோஷிபா போட்டது. இரண்டுமே இரைச்சலில்லாமல் சுத்தமாக ஓடும். கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இது போதும், நான் வாங்குவதும் இதைத்தான்.

அட்டையின் இடது ஓரத்தில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைக்கு 'ஓபி' என்று பெயர் (கிமோனோவில் கட்டும் இடுப்புப் பட்டையின் பெயர்தான்). அது இருந்தால் விலை ஏறும். பட்டை பாடாது, எனக்கு அது வேண்டாம்.

3. ஒரே பேட்டை போதும்

டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், பல கிளைகள் உள்ள டிஸ்க் யூனியன் என்ற ரெக்கார்டு நிறுவனத்தின் கடைகள் இசை வகைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். ஜாஸ் மட்டும் என்றால் ஓச்சனோமிஸு பகுதிக்குப் போங்கள், அங்கே அவர்களுக்கு ஜாஸுக்கென்றே தனிக் கடை உண்டு. பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவும் நடக்கிற தூரம்தான், கூட வருபவர்களை அங்கே விட்டுவிடலாம். காலை எட்டு மணிக்கே போய் நிற்காதீர்கள், பதினொன்று, பன்னிரண்டுக்குத்தான் கதவு திறக்கும்.

4. கொத்த ஆரம்பியுங்கள்

ரெக்கார்டு அடுக்கிய பெட்டியை அங்கே 'எசாபாகோ' என்பார்கள், அதாவது தீவனப்பெட்டி. வரிசையாக நின்று தலையைக் குனிந்து தேடுபவர்களைப் பார்த்தால் கோழி தீவனம் கொத்துவது மாதிரியேதான் இருக்கும்! முதலில் 'புதிதாக வந்தவை' பெட்டியைப் பாருங்கள், உள்ளூர்க்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள். அட்டையை உருவி எடுக்காமல் மேல் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

5. விலைச்சீட்டைப் படிப்பது

இதுதான் முக்கியமான வேலை. சீட்டில் பெரும்பாலும் ஏ, பி, சி என்று தரம் இருக்கும், தட்டுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. தரம் போடுவதில் ஜப்பான்காரர்கள் கறார். அங்கே பி என்று எழுதியதை நம்மூரில் 'புத்தம் புதுசு சார்' என்று விற்பார்கள். ஜப்பானிய எழுத்தில் குறிப்பு ஏதாவது இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைக் காட்டுங்கள். கீறல், கறை, 'விற்பனைக்கல்லாத மாதிரித் தட்டு' எல்லாம் அந்தக் குறிப்பில்தான் ஒளிந்திருக்கும்.

விலை அதிகமான தட்டு என்றால் கவுண்டரில் கேட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு, விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கோடுகள் தெரியும். அவை பரவாயில்லை, பள்ளங்களைக் குறுக்கே வெட்டும் ஆழமான கீறல்தான் டக் டக் என்று அடிக்கும். பிறகு கண்மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பாருங்கள், வளைந்திருந்தால் தெரிந்துவிடும். அமெரிக்க அசல் என்று யாராவது சொன்னால், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தைப் பாருங்கள். 1966 வரை ப்ளூ நோட்டுக்கு அச்சடித்துக் கொடுத்த ப்ளாஸ்டிலைட் ஆலையின் முத்திரை, காது மாதிரி சுழித்த ஒரு ஆங்கில 'P', அங்கே பொறித்திருக்கும்.

6. பணம்

பேரம் பேச வேண்டாம், அங்கே அந்தப் பழக்கம் இல்லை. புதிய உள்நாட்டு சிடி எல்லாக் கடையிலும் ஒரே விலைதான், சட்டமே அதை அனுமதிக்கிறது. அதனால் புதுசுக்குக் கடை கடையாக அலைவதில் பயனில்லை, பழசில்தான் விலை மாறும். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். வரிவிலக்குக் கடை ஒன்றில் ஒரே நாளில் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 10 சதவீத வரி மிச்சம். 2026 நவம்பர் முதல் வரியோடு கட்டிவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது திரும்பப் பெறும் முறை.

7. ஊருக்குக் கொண்டுவருவது

அட்டையோடு ஒரு எல்பி சுமார் கால் கிலோ. இருபது வாங்கினால் ஐந்து கிலோ, கேபின் பையின் கணக்கு கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும். தட்டை உள்ளுறையோடு அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். இல்லாவிட்டால் குலுங்கும்போது தட்டின் விளிம்பே அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். அடுக்கைப் படுக்கப்போடாமல் நிறுத்தி வையுங்கள். அப்புறம், மே மாதத்தில் சென்னையில் வந்து இறங்குகிறீர்கள், வீட்டுக்குப் போகிற வழியில் சாப்பிட வண்டியை நிறுத்துகிறீர்கள் என்றால் பையும் உங்களோடு இறங்கட்டும், பூட்டிய காருக்குள் விட்டுப் போனால் 1577 அப்பளமாகத்தான் கைக்கு வரும்.