ஐசியுவில் காசநோய்: எடுத்த எடுப்பில் லெவோ வேண்டாம்

என்95 மாஸ்க், கை கழுவுதல் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. ஐசியு டியூட்டிக்குப் புதிதாக வருபவர்கள் வருடம் தவறாமல் விழும் குழிகள் மட்டும்.

லெவோஃப்ளாக்சசின்

சர்க்கரை நோயாளி. மூன்று வாரக் காய்ச்சல், உடல் இளைப்பு, எக்ஸ்ரேயில் இரு பக்கமும் நிழல். மூச்சுத்திணறி வென்டிலேட்டருக்குப் போகிறார். கேஸ் ஷீட்டில் "கடும் நிமோனியா", கீழே லெவோ (லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்) 750 மில்லிகிராம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்க, ரவுண்ட்ஸில் எல்லோருக்கும் நிம்மதி.

அங்கேதான் ஏமாறுகிறோம். லெவோ காசநோய்க் கிருமியையும் அடிக்கும். தனியாக அடித்து முடிக்காது. காய்ச்சல் திரும்பும்போது சளியில் கிருமி குறைந்து சோதனைக்குச் சிக்காமல் போகலாம். மிஞ்சியது லெவோவுக்கு அடங்காததாகவும் மாறியிருக்கலாம். முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் மருந்து இந்த வகைதான்; அதை நிமோனியாவுக்கு வீணடிக்கிறோம். மாக்சிஃப்ளாக்சசினும் இதே ரகம். லினசோலிட், அமிகாசினிலும் இந்த ஆபத்து உண்டு.

சந்தேகம் தீரும்வரை செஃப்ட்ரியாக்சோனுடன் அசித்ரோமைசினோ டாக்சிசைக்ளினோ போதும். டியூப் போட்ட கையோடு மூச்சுக்குழல் சளியை உறிஞ்சி காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு அனுப்புங்கள். மெஷினில் ஏற்றினால் இரண்டு மணி நேரத்தில் விடை.

ஸ்மியர் நெகட்டிவ்

அதனால் என்ன? காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. சளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் இந்தச் சோதனையில் தெரிய ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது வேண்டும்.

ரைல்ஸ் டியூப்

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் இந்த டியூபில் காசநோய் மாத்திரையைப் பொடித்து ஃபீடோடு (திரவ உணவு) கலக்காதீர்கள். ரிஃபாம்பிசினுக்கு வெறும் வயிறு வேண்டும். ஃபீடை நிறுத்தி 2 மணி நேரம் கழித்துத் தண்ணீரில் கரைத்துச் செலுத்தி, 30 மில்லி தண்ணீரால் டியூபைக் கழுவி, ஒரு மணி நேரம் விட்டு ஃபீடைத் தொடங்குங்கள். பிபியைத் தூக்க நாரட்ரினலின் ஓடும் நோயாளியின் குடலை நம்ப முடியாது. ஊசி மருந்து கிடைத்தால் அதுவே மேல்.

ரிஃபாம்பிசின் தொடங்கியபின் பிபி விழுந்தால்

செப்சிஸ் என்று மட்டும் முடிவு கட்டாமல் சோடியம், பொட்டாசியம் பாருங்கள். காசநோய் அட்ரீனல் சுரப்பியை அரித்திருந்தால், அது சுரக்கும் கொஞ்சம் கார்ட்டிசாலையும் ரிஃபாம்பிசின் வேகமாகச் சிதைத்துவிடும். கார்ட்டிசாலுக்கு ரத்தம் எடுத்தவுடன் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஐவி. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். (மயக்க மருந்தான மிடசோலம் திடீரென்று பற்றாமல் போவதும் ரிஃபாம்பிசின் வேலைதான்.)

கிட்னி

கிட்னி வேலை செய்யும் அளவைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்ற காசநோய் மருந்துகள் இரண்டையும் வாரம் மூன்று நாளாக்குங்கள். வேளை அளவைக் குறைக்காதீர்கள். டயாலிசிஸ் நாளில் அது முடிந்தபின் கொடுங்கள். ஐஎன்எச் (ஐசோனியாசிட்), ரிஃபாம்பிசின் அப்படியே இருக்கட்டும்.

எஸ்ஜிபிடி

வாந்தி, மஞ்சள் காமாலை இருந்தால், இந்த ஈரல் என்சைம் இயல்பு உச்ச வரம்பின் மூன்று மடங்கைத் தொட்டதும் ஈரலைத் தாக்கும் காசநோய் மருந்துகளை நிறுத்துங்கள். எதுவும் இல்லையென்றால் ஐந்தில்.