பழைய பாணி கம்ப்ரசர் பிளக்-இன்னில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூலில் வீட்டு அறை ஒன்றை ஸ்டூடியோவாக்கி உறுமி மேளப் பாடல்களை மிக்ஸ் செய்யத் தொடங்கிய காலத்தில், சத்தமான இடங்களை அழுத்தி ஒலியளவைச் சமன்படுத்தும் 1176 கம்ப்ரசரின் அட்டாக் குமிழை (அழுத்தத் தொடங்கும் வேகத்தை அமைப்பது) 1-இல் வைத்துவிட்டு, தவிலின் அடியை அது மின்னல் வேகத்தில் பிடிக்கிறது என்று பல மாதங்கள் நம்பியிருந்தேன். உண்மை நேர்மாறானது. பில் புட்னம் 1967-இல் வடிவமைத்த அந்தக் கருவியிலும், அதன் முகப்பை அப்படியே பின்பற்றும் கணினி மென்பொருளான பிளக்-இன்களிலும் 7-தான் மிக வேகம், 1 மிக மெதுவு. அந்த மெதுவான நிலைகூட 800 மைக்ரோசெகண்ட்தான், அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. தவிலின் முதல் அடி கூர்மையாகக் கேட்க வேண்டுமானால் 1-இல் தொடங்குங்கள். அப்போதும் மழுங்கினால் வேறு கம்ப்ரசரை நாடுவதே சரி.

அழுத்தத்தை விடும் வேகத்தை அமைக்கும் ரிலீஸ் குமிழும் அப்படியே திரும்புவதால் அதை 7-இல் வைத்தால் 50 மில்லிசெகண்டில் ஒலி மீண்டுவிடும். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் உறுமியின் கீழ்ச்சுரம் 60 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தால் அதன் ஒரு அலைக்கே ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட் ஆகும். அட்டாக்கும் ரிலீஸும் வேகமாக இருக்கும்போது கம்ப்ரசர் ஒவ்வொரு அலையையும் துரத்த, உறுமல் கரகரப்பாகிவிடும். அதை விரும்பிச் செய்பவர்களும் உண்டு. தெரியாமல் செய்வதுதான் தவறு.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று, ஒலியளவு. 1176-இல் திரெஷோல்ட் குமிழ், அதாவது அழுத்தம் தொடங்கும் எல்லையை அமைக்கும் குமிழ், கிடையாது. எல்லை உள்ளேயே நிலையாக இருக்க, இன்புட்டை ஏற்றித்தான் ஒலியை அதற்கு மேல் தள்ளுகிறோம். அப்படி ஏற்றும்போது அழுத்தமும் கூடுகிறது, மொத்த ஒலியும் கூடுகிறது. ஒரு டெசிபெல் சத்தம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அவுட்புட்டைக் குறைத்து, பைபாஸ் செய்தாலும் (கம்ப்ரசரை விலக்கிக் கேட்டாலும்) செய்யாவிட்டாலும் ஒரே அளவில் கேட்குமாறு அமைத்த பிறகே, கம்ப்ரசர் நன்மை செய்ததா என்று முடிவு செய்ய வேண்டும். இந்த ஒப்பீட்டில் நான் கழற்றி எறிந்த பிளக்-இன்களே அதிகம்.

உள்ளே செல்லும் அளவையும் கவனியுங்கள். இந்தப் பிளக்-இன்களுள் பல, மைனஸ் 18 டெசிபெல் அளவையே (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபெல் கீழே) பழைய ஊசி மீட்டரின் 0 என்று கருதி உருவாக்கப்பட்டவை. உச்சியைத் தொடுமாறு பதிவான குரலை அப்படியே கொடுத்தால், குமிழைத் தொடும் முன்பே ஊசி சாய்ந்துகிடக்கும்.

எல்ஏ-2ஏ என்ற இன்னொரு பழைய கம்ப்ரசர் வேறு ரகம். அதன் ஒளி உணரி பாதி அழுத்தத்தை ஏறக்குறைய 60 மில்லிசெகண்டில் விட்டாலும், மீதியை விடச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். நீண்டு ஒலிக்கும் பக்திப் பாடல் குரலுக்கு அது பொருந்தும். வேகமான தாளக் கட்டுக்குப் பொருந்தாது.

இரைச்சலும் உடன் வரும். குரலை 10 டெசிபெல் அடக்கி அதே அளவு ஈடுசெய்தால், வரிகளுக்கு இடையே கேட்கும் ஏர்கோன் இரைச்சலும் 10 டெசிபெல் உயரும். கோலாலம்பூர் வெயிலில் ஏர்கோனை அணைத்துப் பாடச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் டேக் எடுக்கும் சில நிமிடங்களுக்கு அணைத்துவிடுங்கள். சில பிளக்-இன்கள் பழமைக்காக 50 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரத்தையும் சேர்த்துத் தருகின்றன. நம் வீட்டு மின்சாரமே 50 ஹெர்ட்ஸில் போதுமான அளவு ரீங்கரிக்கிறது. அந்தப் பொத்தானை ஒவ்வொரு டிராக்கிலும் அணைத்தே வைக்கலாம்.